லட்சம் லூமென் டார்ச் வாங்கலாமா? வாசகர் கேள்விகள்

போன இதழில் ஓர் ஓரத்தில், "ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீட்டில் இருக்கிற டார்ச்சை ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. பாதிப் பேர் "போட்டுப் பார்த்தேன், எரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மீதிப் பேர் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொல்லச் சொன்னவர்கள் மன்னிக்கணும், சொல்லப் போவதில்லை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்று நன்றாக இருப்பது அடுத்த வருஷம் கடையில் இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

ஆன்லைனில் ஒரு டார்ச் பார்த்தேன். 399 ரூபாய்தான். 1,00,000 லூமென், 2 கிலோமீட்டர் தூரம் அடிக்கும், 9,900 எம்ஏஎச் பேட்டரி என்று போட்டிருக்கிறார்கள். நாலரை நட்சத்திரம் வேறு. நம்பி வாங்கலாமா?
வாசகர், ஈரோடு

வாங்காதீர்கள். அதில் போட்டிருக்கிற மூன்று எண்ணும் பொய். எப்படித் தெரியும் என்றால், எல்லாமே கூட்டல் கழித்தல் கணக்குத்தான்.

லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். கார்களில் ரொம்ப காலமாக வருகிற எச்4 ஹாலஜன் பல்ப் ஒன்று ஹைபீமில் சுமார் 1,650 லூமென் தரும். லட்சம் லூமென் என்றால் அப்படி அறுபது பல்ப், அதாவது முப்பது கார்கள் வரிசையாக நின்று ஹைபீம் போட்ட மாதிரி. அது உங்கள் உள்ளங்கையில் அடங்குமா? அடங்கினால் கை வெந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று சொல்கிற எண். இப்போது நிறைய டார்ச்சில் வருவது 18650 என்கிற லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம், அதுதான் அந்தப் பெயர். உலகத்தின் பெரிய பேட்டரி கம்பெனிகள் முட்டி மோதியும் இந்த அளவில் 3,500 எம்ஏஎச் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அதில் 9,900 என்று இருந்தால் அது ஸ்டிக்கர் அச்சடித்தவரின் தாராள மனசு. வீட்டுத் தராசிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல செல், அதாவது இந்த ஒற்றை பேட்டரி, 45 கிராமிலிருந்து 50 கிராமுக்குள் இருக்கும். 30 கிராமுக்குக் கீழே காட்டினால் உள்ளே பாதிக்கு மேல் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் உரசிப் பார்க்கலாம். நியாயமான 3,000 எம்ஏஎச் செல்லை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 11 வாட் அவர் வரும். நல்ல டார்ச் ஒரு வாட்டுக்கு 100 லூமென் பக்கத்தில் கொடுக்கும். ஆக அந்த செல்லில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு 1,100 லூமென், அல்லது பத்து மணி நேரத்துக்கு 110 லூமென். குடத்துத் தண்ணீர் மாதிரிதான். வேகமாக ஊற்றினால் சீக்கிரம் தீரும், சொட்டுச் சொட்டாக விட்டால் ராத்திரி முழுக்க வரும். "1,000 லூமென், 20 மணி நேரம், ஒரே பேட்டரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த டார்ச்சைப் பாருங்கள்.

தூரத்துக்கும் ஒரு அளவு முறை இருக்கிறது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று 2009இல் அமெரிக்காவில் வந்த தரம், நல்ல கம்பெனிகள் அதைப் பின்பற்றி அட்டையில் போடுவார்கள். டார்ச் வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்கு, அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு மங்கிப்போகிற இடம் வரைக்கும் "தூரம்" என்று எழுதலாம். 200 மீட்டர் என்றால் 200வது மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும். அது மாடா மாமியாரா என்று தெரிய வேண்டுமானால் பாதித் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டர் அடிக்க 10 லட்சம் கேண்டெலா வேண்டும், கேண்டெலா என்பது ஒரு திசையில் போகிற கற்றையின் பலம். 399 ரூபாயில் அது வராது.

அந்தத் தரத்தில் ஒரு நெளிவும் இருக்கிறது. எரியும் நேரத்தை, போட்ட 30 விநாடிக்குப் பிறகு இருக்கிற வெளிச்சத்திலிருந்து ஆரம்பித்து, அது பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை கணக்கு எடுக்கிறார்கள். அதனால் நல்ல கம்பெனி அட்டையிலேயே "1,000 லூமென், 3 மணி நேரம்" என்று இருந்தாலும், ஆயிரம் வருவது முதல் சில நிமிஷம்தான். அப்புறம் சூடு ஏறாமல் இருக்க அதுவே 300, 400க்கு இறங்கிவிடும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்து வாங்கணும். என்னைக் கேட்டால் அட்டையில் முதல் வரியைப் பார்க்காதீர்கள், நடு அளவு வெளிச்சம் எத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அப்படியானால் எத்தனை லூமென்தான் வேண்டும்?
வாசகி, மதுரை

நீங்கள் நினைப்பதைவிடக் கம்மி. ராத்திரி யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய்வர 5 லூமென் போதும், அதற்கு மேல் போனால் உங்கள் கண்ணே கூசும். சமையலறையில் மெழுகுவர்த்தி தேடுவது, மாடிப்படி ஏறுவது, ஃப்யூஸ் போடுவது எல்லாவற்றுக்கும் 50 முதல் 100. தெருவில், வயலில், தோப்பில் நடக்க 200, 300. அதற்கு மேலே உள்ளது எப்போதாவது ஒரு நிமிஷம் தூரத்தில் சத்தம் கேட்டால் அடித்துப் பார்க்க. மிகக் குறைந்த வெளிச்ச நிலை இருக்கிற டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான மலிவு டார்ச்சில் ஹை, லோ, கண் சிமிட்டல் என்று மூன்றுதான் இருக்கும், அந்த லோகூட ராத்திரி இரண்டு மணிக்கு ஹைதான்.

2018 கஜா புயல் சமயத்தில் எங்கள் வீட்டில் மூன்று சார்ஜ் டார்ச் இருந்தன. ஒன்று முதல் நாளே எரியவில்லை, மற்ற இரண்டும் இரண்டாம் நாள் அணைந்தன. கரன்ட் வர மூன்று வாரம் ஆனது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய கட்டை போடுகிற பேட்டரி லைட்தான் கைகொடுத்தது. இந்த வருஷம் என்ன வாங்கி வைக்கட்டும்?
ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தாத்தாவிடம் இருந்தது கடையில் பேட்டரி விற்கிற வரைக்கும் எரிகிற விளக்கு. உங்களிடம் இருந்தது கரன்ட் இருந்தால் மட்டும் எரிகிற விளக்கு. நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரை ஏறிய பிறகு கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில் இந்த வித்தியாசம் உங்கள் பகுதியில் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

அந்த முதல் டார்ச் ஏன் எரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒன்றாவது அப்படிக் கிடக்கிறது. பின்னால் இரண்டு பின் வெளியே வரும், சுவர் பிளக்கில் நேராகச் செருகலாம், பெரிய பிளாஸ்டிக் உடம்பு. அதில் பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும், பைக் பேட்டரிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகைக்குப் பட்டினி ஆகாது. சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் பரணில் போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் நாள் முழுக்கச் செருகி வைத்தாலும் ஏறாது. செருகியதை எடுக்க மறந்தாலும் கெடும், விலை குறைந்தவற்றில் தானாக நிறுத்திக்கொள்கிற வசதி இருக்காது. நானே இப்படி இரண்டைக் கொன்றிருக்கிறேன். ஏற்கெனவே இருக்கிறது என்றால் காலண்டரில் அமாவாசை அன்று சார்ஜ் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்காதீர்கள்.

இந்த வருஷத்துக்கு இரண்டு வகையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பென்சில் பேட்டரி இரண்டு போடுகிற சாதாரண எல்இடி டார்ச். கூடவே எட்டு ஆல்கலைன் பேட்டரி, பிரிக்காமல், காய்ந்த டப்பாவில். ஆல்கலைன் பேட்டரி சும்மா இருந்தால் வருஷக்கணக்கில் தாங்கும். அதே பேட்டரி ரேடியோவுக்கும் ஆகும் என்பது புயல் நேரத்தில் சின்ன விஷயம் இல்லை, செல் டவர் விழுந்த பிறகு செய்தி கேட்க வேறு வழி கிடையாது. இன்னொன்று 18650 போட்ட, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிற நல்ல டார்ச். பேட்டரியைக் கழற்றக்கூடியதாக இருக்கணும், ஒட்டி மூடியதாக இருக்கக் கூடாது. இதை பவர் பேங்க்கில், பைக்கில் உள்ள யூஎஸ்பியில், பக்கத்து ஊரில் ஜெனரேட்டர் ஓடுகிற கடையில், எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம்.

வாங்கிய அன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். சில யூஎஸ்பி-சி டார்ச்சில் இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு குட்டி ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல முனை கேபிளில் ஏறும். டார்ச் கெட்டுவிட்டது என்று புயல் ராத்திரியில் தலையில் கை வைக்காமல், ஏறுகிற கேபிளை அதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வையுங்கள்.

எரிக்கிற விதமும் இருக்கிறது. டார்ச்சை மேஜை மேல் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையைப் பார்க்க அடித்தால் அறை முழுக்கப் பரவும், 100 லூமென் இருந்தால் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஓட்டு வீடு என்றால் இது பலிக்காது. அங்கே தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கீழே டார்ச்சை வையுங்கள். மெழுகுவர்த்தியைவிட இது எவ்வளவோ மேல், காற்றில் திரைச்சீலை ஆடுகிற வீட்டில் மெழுகுவர்த்தி எனக்குப் பயம்.

இன்னொன்று, போனில் இருக்கிற டார்ச்சை எரிக்காதீர்கள். அவசர நேரத்தில் போன் பேட்டரி 108ஐக் கூப்பிட. எங்கள் வீட்டில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தப்பைத்தான் செய்தோம். இன்வெர்ட்டரை நம்பி டார்ச் வாங்காமல் இருந்தோம், அந்த இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது, தண்ணீர் முதலில் வந்த இடம் அது. ராத்திரி மூன்று போனையும் விளக்காக எரித்து, விடியும்போது படகு கேட்க ஒரு போனிலும் சார்ஜ் இல்லை.

மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். விடிகாலை மூணு மணிக்குத் தலையில் லைட் மாட்டிக்கொண்டு பூ எடுப்போம். சந்தையில் வாங்குகிற லைட் ஆறு மாதம்கூட வருவதில்லை, தலைவலி வேறு. போன மாதம் கட்டுவிரியன் ஒன்று காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, லைட் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன லைட் வாங்கலாம்?
வாசகி, நிலக்கோட்டை

அம்மா, முதலில் அந்தப் பாம்பு விஷயம். லைட் இருந்தும் ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு மேடு பள்ளம் தெரிவது நிழலால்தான். தலையில் மாட்டிய விளக்கு கண்ணுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அதனால் ஒரு பொருளின் நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், நம் கண்ணுக்கு வராது. தரை முழுக்கத் தட்டையாக, வரைந்து வைத்த மாதிரி தெரியும். கட்டுவிரியன் மாதிரி கறுப்பு உடம்பு ஈர மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அதே விளக்கை இடுப்பு உயரத்தில் கையில் பிடித்து அடியுங்கள், சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும், பாம்பின் உடம்பு உருண்டு தெரியும். அதனால் வரப்பில் நடக்கும்போது, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது கையில் ஒரு டார்ச், செடிக்கு முன்னால் நின்ற பிறகு தலை விளக்கு. கை டார்ச்சை இடுப்பில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். கணுக்கால் மூடுகிற ரப்பர் ஷூவும் வேண்டும், விளக்கு அதற்கு மாற்று இல்லை. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வேர் அரைப்பது எதுவும் வேண்டாம். நடக்காமல், காலை ஆட்டாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலி, வீக்கம் அதிகம் தெரியாது. ஒன்றும் இல்லை என்று படுத்துவிடக் கூடாது.

சரி, விளக்குக்கு வருவோம். பூ எடுக்கத் தூரம் அடிக்கிற விளக்கு வேண்டாம். கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரே சீராகப் பரவணும். ஜூம் என்று முன்பக்கத்தை இழுத்துத் தள்ளுகிற மாதிரி இருப்பதை ஒதுக்கிவிடுங்கள், அந்த இடுக்கு வழியாகத்தான் பனியும் வேர்வையும் உள்ளே போகிறது, ஆறு மாதக் கதை அங்கேதான் தொடங்குகிறது. வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சள் பக்கமாக, பெட்டியில் 4,000 அல்லது 5,000 கெல்வின் என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். 6,500 என்றால் அது நீல வெள்ளை. அதில் மண், சருகு, இலை எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும், மொட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும்.

தலைவலி பெரும்பாலும் எடையாலும் இறுக்கத்தாலும் வருவது. நெற்றியில் விளக்கும் பேட்டரியும் சேர்ந்து 150 கிராம் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். ஒன்று 80, 90 கிராமுக்குள் இருக்கிறதை வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிப் பெட்டி தலைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி வாங்குங்கள், எடை இரண்டு பக்கமும் பிரியும். விளக்கைக் கீழே சாய்க்க முடியணும், சாய்த்தது அங்கேயே நிற்கணும். நிற்கவில்லை என்றால் கழுத்தைக் குனிந்தே வேலை செய்வீர்கள், அதுவும் தலைவலிதான். பட்டையைக் கழற்றி வாரம் ஒருமுறை துவையுங்கள். எதிரே யாராவது பேசினால் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்வது உங்கள் ஊரில் பழக்கம்தானே, அது மறையாமல் இருக்கட்டும்.

தினம் மூன்று மணி நேரம் எரிக்கிறவர்களுக்குப் பென்சில் பேட்டரி கட்டுப்படி ஆகாது. 18650 போடுகிறதாக வாங்கி, கூட ஒரு செல் தனியாகச் சார்ஜரில் இருக்கட்டும். 100 லூமென் வைத்து வேலை செய்தால், மேலே போட்ட கணக்குப்படி ஒரு செல்லில் மூன்று விடியற்காலை ஓடும்.

ஊட்டியில் இருக்கிறேன். பனிமூட்டத்தில் ஹெட்லேம்ப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி இருக்கிறது. இன்னும் பவரானது வாங்கணுமா?
வாசகர், உதகமண்டலம்

பவர் கூட்டினால் சுவர் இன்னும் வெள்ளையாகும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற விளக்கு, மூக்குக்கு முன்னால் இருக்கிற பனித்துளியை எல்லாம் ஒளிரவைத்துத் திருப்பி உங்கள் கண்ணுக்கே அனுப்புகிறது. ஹெட்லேம்ப்பைக் கழற்றி இடுப்புக்குக் கீழே பிடித்து நடங்கள், குறைந்த வெளிச்சத்தில். வண்டிகளில் ஃபாக் லைட்டைக் கீழே வைப்பதும் இதற்குத்தான்.

டார்ச்சைத் திறந்தால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
வாசகர், தஞ்சாவூர்

ஸ்பிரிங் அறுந்து போகாமல் இருந்தால் பிழைக்க வைக்கலாம். முதலில் கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். அது காரம் என்பதால் புளிப்பு அதை அடக்கும். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். அப்புறம் தண்ணீரில் நனைத்த துணி, பிறகு நன்றாகக் காயவைத்து, பேட்டரி தொடுகிற இடத்தை உப்புத்தாளால் மெல்ல உரசி விடுங்கள். பச்சையாக இருப்பது செம்பு அரித்தது.

விலை குறைந்த சாதா பேட்டரியில் வெளி டப்பாவே துத்தநாகம். மின்சாரம் தருவதற்கு அந்தத் துத்தநாகம்தான் கரைகிறது, அதனால் தீரத் தீர சுவர் மெலிந்து ஓட்டை விழும். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அது போதும், அவசர டார்ச்சில் போட்டு மறந்துபோகிற வேலைக்கு ஆகாது. எதுவானாலும் அடிக்கடி எரிக்காத டார்ச்சில் பேட்டரியை வெளியே எடுத்து, டார்ச்சோடு சேர்த்து ஒரே கவரில் வையுங்கள். இருட்டில் பேட்டரி போடத் தெரியுமா என்று கேட்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை போட்டுப் பழகினால் வந்துவிடும். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள், பழையது தீர்ந்த பிறகும் புதியது அதை இழுத்துக்கொண்டு ஓடும், கசிவது அப்போதுதான்.

சார்ஜ் ஏற்றுகிற பென்சில் பேட்டரியில் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 1.5 இல்லையே, டார்ச் மங்கலாக எரியாதா?
மாணவர், கோவை

மங்கலாக எரியாது. 1.5 என்பது ஆல்கலைன் பேட்டரி பிறந்த அன்றைக்கு உள்ள எண். எரிய ஆரம்பித்ததும் அது மளமளவென்று இறங்கி 1.2, 1.1 என்று வந்துவிடும். நீங்கள் கேட்கிற, சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் பேட்டரியோ கிட்டத்தட்ட கடைசி வரை 1.2லேயே நிற்கும். வாங்கும்போது, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்காத வகையாகப் பாருங்கள். 2005இல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது, இப்போது பலரும் செய்கிறார்கள், 2,000 எம்ஏஎச் பக்கத்தில் போட்டிருக்கும். அதே அளவில் 4,000, 5,000 என்று போட்டிருந்தால் ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து அதிலிருக்கிற 18650 செல்லை டார்ச்சில் போடலாமா? யூடியூபில் காட்டுகிறார்கள்.
வாசகர், திருச்சி

போடாதீர்கள். அந்தப் பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது, செல்லை மட்டும் உருவினால் காவல் போய்விடும். வீங்கினது, தோல் கிழிந்தது, கீழே விழுந்து நசுங்கினது எதையும் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை. பாதுகாப்பு சர்க்யூட் வைத்த புது செல், சார்ஜர், இரண்டும் சேர்த்து ஆகிற செலவு ஒரு சட்டைத் துணிக்குத்தான். வெயிலில் நிறுத்துகிற காரின் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். ரொம்ப நாள் எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டார்ச்சில் இணைப்பு விட்டுப்போகும், பையில் தானாக எரிந்து சூடாவதும் நிற்கும்.

கடலுக்குப் போகிற வேலை. ஐபிஎக்ஸ்4 என்று போட்ட டார்ச் ஒரே மாதத்தில் செத்துவிட்டது. வாட்டர்ப்ரூஃப் என்றுதானே கொடுத்தார்கள்?
வாசகர், நாகப்பட்டினம்

அண்ணே, 4 என்றால் சாரல் தாங்கும், அவ்வளவுதான். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதற்கும் மேலே, எவ்வளவு என்று கம்பெனியே எழுதியிருக்கணும். உங்களுக்கு 7க்குக் கீழே எதுவும் ஆகாது. அதோடு இந்தச் சோதனை எல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது, உப்புத் தண்ணீருக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. உடம்பில் சார்ஜ் ஓட்டை இருக்கிற டார்ச் கடலுக்கு வேண்டாம், அந்த ரப்பர் மூடியைச் சரியாக மூடாத ஒருநாள் போதும். பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் போடுகிறதாக, தண்ணீரில் விழுந்தால் மிதக்கிறதாக வாங்குங்கள். கரைக்கு வந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு மாதம் ஒருமுறை சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள், அதில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் போகும்.

டார்ச்சில் கண் சிமிட்டுகிற மோட், எஸ்ஓஎஸ் மோட் எல்லாம் எதற்கு?
வாசகி, சென்னை

விற்பதற்கு. ஆன் பண்ணும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகணும் என்றால் அந்த டார்ச்சே வேண்டாம். மாடியில் மாட்டிக்கொண்டு படகைக் கூப்பிடுகிற நிலைமையில் கண் சிமிட்டல் உதவும், மறுக்கவில்லை. அதைக் கையாலும் செய்யலாம்.

சிங்கப்பூரிலிருந்து மகன் டார்ச் வாங்கி வருகிறான். விமானத்தில் விடுவார்களா?
வாசகர், காரைக்குடி

விடுவார்கள். தனியாக இருக்கிற லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் கொண்டுவரணும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. செல்லின் முனைகள் ஒன்றோடொன்று படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். டார்ச்சையும் கைப்பையிலேயே வைத்து, தானாக எரியாதபடி மூடியைத் தளர்த்திவிடட்டும்.

அப்பாவுடைய மூன்று கட்டை போடுகிற பித்தளை டார்ச் இருக்கிறது. பல்ப் போய்விட்டது. அதில் எல்இடி போட்டு மறுபடி எரியவைக்க முடியுமா? புதிது வாங்க மனசு வரவில்லை.
வாசகர், புதுக்கோட்டை

முடியும். பழைய பல்பைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், மரை வைத்ததா, விளிம்பு வைத்ததா என்று பார்த்து அதே அடிப்பாகம் உள்ள எல்இடி பல்ப் கொடுப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள், மளிகைக் கடையில் கிடைக்காது. மூன்று கட்டை என்றால் 4.5 வோல்ட், அது தாங்குகிறதாக இருக்கணும். இரண்டு கட்டைக்கான பல்பைப் போட்டால் ஒரு நொடி பிரகாசமாக எரிந்து போயே போய்விடும். போட்டு எரியவில்லை என்றால் பதறாதீர்கள், சிலவற்றில் பிளஸ் மைனஸ் திசை உண்டு, பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டார்ச்சின் அந்த வெள்ளிக் கிண்ணம், நாலா பக்கமும் வெளிச்சம் விடுகிற இழைப் பல்புக்காகச் செய்தது. எல்இடி முன்பக்கம் மட்டும்தான் விடும், கிண்ணத்துக்கு வேலை குறைவு. அதனால் அப்பா தென்னை உச்சிக்கு அடித்த அந்தக் கூரான கற்றை அப்படியே வராது, கொஞ்சம் அகலமாக, வெள்ளையாக வரும். கட்டை மட்டும் முன்பைவிட ரொம்ப நாள் வரும். பித்தளையைப் புளி போட்டு விளக்குவதாக இருந்தால் கண்ணாடி, கிண்ணம், ஸ்விட்ச் மூன்றையும் கழற்றிவிட்டு விளக்குங்கள், கிண்ணத்தைத் துணியால்கூடத் துடைக்காதீர்கள், கீறல் விழுந்தால் அந்தப் பூச்சுக்கு மாற்று இல்லை.